வரைந்த கட்டடம் கணக்குக்குள் சரியாகப் போய்ச் சேர: கட்டட மாதிரித் தரவைக் கைமாற்றும் முறை

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி எழும்பப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடக்கலைஞர் அதை ரெவிட்டிலோ ஆர்க்கிகாட்டிலோ முப்பரிமாண மாதிரியாக வரைந்து முடித்துவிட்டார். எந்த அறைக்கு எவ்வளவு ஏசி, எந்த ஜன்னலுக்கு எவ்வளவு நிழல் என்று இன்னொருவர் எனர்ஜி பிளஸ் என்ற வெப்பக் கணக்கு மென்பொருளில் பார்க்க வேண்டும். சீமெந்து, கம்பி, கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு கார்பன் வெளியேற்றம் என்று மூன்றாமவர் கணக்கிட வேண்டும். ஆளுக்கொரு முறை புதிதாக வரைந்தால் மூன்று வெவ்வேறு கட்டடங்களுக்குத்தான் விடை கிடைக்கும். ஆகவே ஒரே மாதிரியிலிருந்து மூவருக்கும் தரவு போக வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும் என்பது விளம்பரப் பேச்சு. எது போகிறது, எது வழியில் உதிர்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் வந்த விடையை நம்பலாமா என்பதும் தெரியும்.

எந்தக் கோப்பு எதற்கு

புழக்கத்தில் உள்ள பொது வடிவங்கள் இரண்டு. முதலாவது ஜிபி எக்ஸ்எம்எல். வெப்பக் கணக்குக்கென்றே உருவானது. அதன் பார்வையில் கட்டடம் என்பது அறைகள், அறைகளைச் சூழ்ந்த பரப்புகள், அந்தப் பரப்புகளில் உள்ள திறப்புகள், அவ்வளவுதான். சுவர்கூட அதில் தடிப்பில்லாத பரப்பு. தடிப்பும் பொருளும் தனிப் பட்டியலாகக் கூடவே எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது ஐஎஃப்சி. பில்டிங் ஸ்மார்ட் அமைப்பு பராமரிக்கும் இந்த வடிவம் ஐஎஸ்ஓ 16739 என்ற தரமாகவும் உள்ளது. இதில் சுவர் திடப்பொருள். நீளம், உயரம், தடிப்பு, அடுக்குகள், கன அளவு எல்லாம் அதனுடனேயே வரும். எனவே வெப்பத்துக்கு ஜிபி எக்ஸ்எம்எல், பொருள் அளவுக்கு ஐஎஃப்சி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐஎஃப்சிக்குள்ளும் அறை எல்லைப் பரப்புகளை எழுத வழி உண்டு. ஆனால் அவற்றைச் சரியாக எழுதும் மென்பொருளும் குறைவு, சரியாக வாசிப்பதும் குறைவு. புதியவர் அங்கே தொடங்க வேண்டாம்.

இரண்டுமே ஒருவழிப் பாதை. எனர்ஜி பிளஸ்ஸில் மாற்றிய கண்ணாடி விவரம் ரெவிட்டுக்குத் திரும்பி வராது. திருத்தம் எங்கே செய்யப்பட வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள்: வடிவம் வரைபவரிடம், பொருளின் வெப்பக் குணங்கள் கணக்குப் பார்ப்பவரிடம்.

எட்ஜ் பசுமைச் சான்றிதழை நடத்தும் உலக வங்கிக் குழும நிறுவனத்தின் சுருக்கப் பெயரும் ஐஎஃப்சிதான். மின்னஞ்சலில் அந்தப் பெயரைக் கண்டதும் கோப்பை ஏற்றுமதி செய்து அனுப்பிவிடாதீர்கள். எட்ஜில் தளப்பரப்பு, ஜன்னலுக்கும் சுவருக்கும் உள்ள விகிதம் போன்றவற்றை எண்களாகத்தான் நிரப்ப வேண்டும்.

முதலில் இரண்டு அறை

முழு விடுதியையும் ஏற்றுமதி செய்துவிட்டுப் பிழை தேடினால் நாள் போய்விடும். அதே மென்பொருளில், அதே சுவர் வகைகளை வைத்து, இரண்டே அறை உள்ள சோதனை மாதிரி ஒன்றை வரையுங்கள். கிழக்கு மேற்காக அடுத்தடுத்து இரண்டு அறைகள். உள்ளளவு மேற்கு அறைக்கு 6 மீற்றருக்கு 4, கிழக்கு அறைக்கு 4 மீற்றருக்கு 4, உயரம் 3 மீற்றர். சுவர் 150 மில்லிமீற்றர் சீமெந்துக் கல், இருபுறமும் 15 மில்லிமீற்றர் பூச்சு, மொத்தம் 180. மேலே தட்டையான கொங்கிரீட் சிலாப். மேற்கு அறையின் தெற்குச் சுவரில் ஒரு வெளிக்கதவு, நடுச்சுவரில் ஓர் உள்கதவு, இரண்டும் 0.9க்கு 2.1. வடக்குச் சுவரில் அறைக்கு ஒன்றாக 1.2க்கு 1.2 ஜன்னல் இரண்டு. ஜன்னல்களின் தலைமட்டத்தில், வெளிச்சுவர் முகத்திலிருந்து 600 மில்லிமீற்றர் நீளும் சன்ஷேட்.

இவ்வளவு சிறிய கட்டடத்தில் வரவேண்டிய எண் ஒவ்வொன்றையும் கையாலேயே போட்டுவிடலாம். தளம் 24 + 16 சதுர மீற்றர், கன அளவு 72 + 48 கன மீற்றர். வெளிச்சுவர்ப் பரப்பு 6, நடுச்சுவர் 1, தரை 2, கூரை 2, ஆக 11 பரப்புகள். திறப்புகள் 4. சன்ஷேட் தனி நிழல் பரப்பு. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியிலும் இது தேவைப்படும்.

வரையும்போதே கவனிக்க வேண்டியவை

ஜிபி எக்ஸ்எம்எல்லுக்கு அறை என்ற பொருள் இல்லாமல் கட்டடமே இல்லை. நான்கு சுவர் இருந்தால் போதாது. உள்ளே அறையை வைத்து, அதன் உயரம் கூரையின் அடிவரை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அறையின் உயரம் 2.4 மீற்றரிலும் கூரை 3 மீற்றரிலும் இருந்தால் இடையில் யாருக்கும் சொந்தமில்லாத வெளி ஒன்று நிற்கும். அப்போது கூரை அந்த அறைக்குக் கூரையாகாமல் வெறும் நிழல் தட்டாகிவிடலாம். ரெவிட்டில் பரப்பளவு மட்டும் கணக்கிடுவதுதான் தொடக்க அமைப்பு. பரப்பளவும் கன அளவும் என்று அதை மாற்றிய பிறகே ஏற்றுமதிக்குப் போங்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் அதிகம் தவறுவது சீலிங்குக்கு மேலே உள்ள வெளி. ஓடோ சீட்டோ போட்ட சரிவுக் கூரை, அதன் கீழே சீலிங். அந்த முக்கோண வெளியைத் தனி அறையாக வைத்து, ஏசி இல்லாத இடம் என்று குறிக்க வேண்டும். வைக்காவிட்டால் சில மென்பொருள்கள் சீலிங்கையே கூரையாக எடுத்து வெயிலை நேரே அதன்மேல் விழுத்தும். வேறு சில, அறையைச் சரிவுக் கூரைவரை நீட்டி, குளிரூட்ட வேண்டிய காற்றின் அளவைக் கூட்டிவிடும். இரண்டிலும் ஏசி அளவு பிழைக்கும்.

விறாந்தைக்கு நேர் எதிர் விதி. அது திறந்த வெளி, அங்கே அறைப் பொருள் வைக்கக் கூடாது. வைத்தால் சுவரில்லாத ஓர் அறை உருவாகி, மூடப்படாத வலயம் (கணக்கில் அறைக்கு வலயம் என்று பெயர்) என்ற எச்சரிக்கை வரும். விறாந்தைக் கூரை நிழல் பரப்பாக மட்டும் போனால் போதும். காற்றோட்டத்துக்கு வைக்கும் துளையுள்ள சீமெந்துக் கற்களை ஒவ்வொன்றாக வரைந்த மாதிரியையும் அப்படியே அனுப்பாதீர்கள். ஒரு சுவரே ஆயிரக்கணக்கான சிறு பரப்புகளாக உடையும். அந்த இடத்தில் மொத்தத் துளைப் பரப்புக்குச் சமமான ஒரே திறப்பை வையுங்கள். தூணின் துருத்தல், சுவரிலுள்ள மாடம், 5 சென்டிமீற்றர் படிகள் எல்லாவற்றையும் ஏற்றுமதிக்கான பிரதியில் தட்டையாக்கிவிடலாம். வெப்பக் கணக்கில் அவற்றின் பங்கு மிகச் சிறிது. பிழை உண்டாக்குவதில்தான் பெரிது.

பெயர்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. பொருளுக்கும் அறைக்கும் தமிழில் பெயர் வைக்க ஆசை இருக்கும், வைக்கவும் முடியும். ஆனால் ஐஎஃப்சியின் வழக்கமான கோப்பு வடிவம் தமிழ் எழுத்துகளை நேரடியாக எழுதாமல் குறியெண் கோவைகளாக மாற்றி எழுதுகிறது. வாசிக்கும் மென்பொருள் அதைத் திருப்பி மாற்றாவிட்டால் திரையில் சாய்கோடுகளும் எண்களும்தான் தெரியும். ஜிபி எக்ஸ்எம்எல்லில் அடையாளப் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது, இடைவெளியும் இருக்கக் கூடாது. ஆகவே அடையாளப் பெயரை இடைவெளியில்லாத ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக வைத்து, தமிழ் விளக்கத்தைக் குறிப்புப் புலத்தில் எழுதுங்கள்.

திசையும் இடமும்

திருகோணமலைக்கு வடக்கு அகலாங்கு 8.57, கிழக்கு நெட்டாங்கு 81.23, நேர வலயம் 5.5. மாதிரியில் இடத்தைக் கொடுக்காவிட்டால் மென்பொருள் தன் தொடக்க இடத்தை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது ஏதோவொரு வெளிநாட்டு நகரம்.

வடக்கில் இரண்டு வகை உண்டு. தாளில் நேராகத் தெரிவதற்காக வரைபவர் வைத்துக்கொள்ளும் வடக்கு ஒன்று, உண்மையான வடக்கு மற்றொன்று. நிலாவெளிப் பக்கம் கரை நேர் வடக்காக ஓடாமல் வடமேற்காகச் சாய்கிறது. கடலைப் பார்த்த காணிகளும் கட்டடங்களும் அதோடு சேர்ந்து சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக் கோணம் கோப்பில் போகாவிட்டால் மாலை வெயில் தவறான சுவரில் விழும்.

இதைச் சோதிக்க எளிய வழி சன்ஷேட்தான். எங்கள் அகலாங்கில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். குளிர்நாட்டு நூல்களில் வடக்குச் சுவருக்கு நிழல் தேவையில்லை என்று இருப்பது இங்கே செல்லாது. ஜூன் 21 நண்பகலில் சூரியன் வடக்கே 75 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது 600 மில்லிமீற்றர் சன்ஷேட்டின் நிழல் சுவரில் 2.26 மீற்றர் இறங்கி 1.2 மீற்றர் ஜன்னலை முழுவதும் மூட வேண்டும். டிசம்பர் 21 அன்று சூரியன் தெற்கே 58 பாகை உயரத்தில் இருப்பதால் வடக்குச் சுவரில் நேர் வெயிலே படக் கூடாது. ஜூன் நண்பகலில் உங்கள் மென்பொருள் தெற்குச் சுவரில் வெயில் காட்டினால் திசை தலைகீழாகிவிட்டது. நண்பகல் என்பது ஏறத்தாழ 12 மணி 7 நிமிடம். திரையில் அது காலை ஆறரை மணியளவில் வந்தால் நேர வலயம் பூச்சியமாக இருக்கிறது என்று பொருள்.

நில அளவையாளரின் ஆயங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. இலங்கையின் 1999 ஆம் ஆண்டு நில அளவை வலைப்படி திருகோணமலை நகரம் கிழக்கு 5,50,000 மீற்றர், வடக்கு 6,73,000 மீற்றர் அளவில் விழும். கட்டடத்தை அந்த எண்களிலேயே வரைந்தால், 32 பிட் எண்களில் வேலை செய்யும் பார்வை மென்பொருள்களில் புள்ளிகள் 6 சென்டிமீற்றர்வரை தாவும். சுவர்கள் பொருந்தாமல் இடைவெளி தோன்றுவதற்கும் கோடுகள் திரையில் நடுங்குவதற்கும் இது ஒரு காரணம். கட்டடத்தின் ஒரு மூலையைப் பூச்சியமாக வைத்து வரையுங்கள். நில ஆயத்தை அதற்குரிய புலத்தில் தனியாகக் கொடுங்கள். ஐஎஃப்சி 4 பதிப்பிலிருந்து அதற்கென்றே இடம் இருக்கிறது.

ஏற்றுமதி செய்து எண்ணிப் பார்த்தல்

கோப்பு வெளியே வந்ததும் நேரே எனர்ஜி பிளஸ்ஸின் முகப்பான ஓப்பன் ஸ்டுடியோவுக்குப் போகாதீர்கள். ஜிபி எக்ஸ்எம்எல் வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கலாம். தலைப்பகுதியில் நீள அலகும் பரப்பலகும் கன அலகும் எழுதப்பட்டிருக்கும். அவை மீற்றரில் இருக்கட்டும். பிறகு பரப்புகளை எண்ணுங்கள்.

11 வந்தால் நல்லது. 12 வந்தால் நடுச்சுவர் இரண்டு முறை எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்: ஓர் அறைக்கு ஒன்று, மற்ற அறைக்கு ஒன்று. நடுச்சுவர் ஒரே பரப்பாக இருந்து அதனுள் இரண்டு அறைகளின் பெயரும் இருக்க வேண்டும். ஒரு பெயர் மட்டுமே இருந்தால் கணக்கு அதை வெளிச்சுவராக எடுத்து இல்லாத வெயிலை அதன்மேல் விழுத்தும். பத்தோ அதற்குக் குறைவோ வந்தால் ஏதோ ஓர் அறை மூடப்படவில்லை. பெரும்பாலும் சுவர் கூரையைத் தொடாத இடம் ஒன்று இருக்கும்.

மேற்கு அறையின் கன அளவு 72 இல்லாமல் 2,543 என்று வந்தால் அது கன அடி. 77.5 என்று வந்தால் பதற வேண்டாம்: சுவரின் உள்முகத்துக்குப் பதில் நடுக்கோட்டிலிருந்து அளந்திருக்கிறது, 6.18க்கு 4.18க்கு 3. தளப்பரப்பும் அதே போல் 25.8 ஆகியிருக்கும், கிட்டத்தட்ட 8 வீதம் கூடுதல். எது சரி என்பதைவிட எது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதே முக்கியம். சதுர மீற்றருக்கு இத்தனை அலகு மின்சாரம் என்று அறிக்கை எழுதும்போது அந்த 8 வீதம் நேரே விடையில் ஏறும்.

ஓப்பன் ஸ்டுடியோவுக்குள்

எனர்ஜி பிளஸ்ஸும் அதற்கு முகப்பாக உள்ள ஓப்பன் ஸ்டுடியோவும் இலவசம். கோப்புப் பட்டியலில் இறக்குமதி, அதில் ஜிபி எக்ஸ்எம்எல். உள்ளே வந்ததும் மாதிரியை எல்லை நிலைமைப்படி நிறம் பிரித்துப் பாருங்கள்: வெளிக்காற்று, நிலம், இன்னொரு பரப்பு. தரை இரண்டும் நிலமாகவும், நடுச்சுவர் இன்னொரு பரப்பாகவும் தெரிய வேண்டும்.

வடிவம் வந்துவிடும். பொருளின் குணங்கள் அரைகுறையாக வரும், சில நேரம் வரவே வராது. 150 மில்லிமீற்றர் திடக் கல்லின் வெப்பக் கடத்துதிறன் 1.1 அளவாக எடுத்தால், பூச்சோடு சேர்த்துச் சுவரின் யூ மதிப்பு (சுவர் வழியே வெப்பம் எவ்வளவு எளிதில் கடக்கும் என்ற எண்) 2.9 அளவில் இருக்க வேண்டும். 0.3 என்று கண்டால் குளிர்நாட்டுக் காப்புச் சுவர் ஒன்று தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியைக் கோப்பிலிருந்து நம்பவே வேண்டாம், கையால் நிரப்புங்கள். சாதாரண 6 மில்லிமீற்றர் தெளிந்த கண்ணாடிக்கு யூ மதிப்பு 5.8, சூரிய வெப்பம் உள்ளே நுழையும் விகிதம் 0.82 அளவில். இங்கே இரண்டாவது எண்ணுக்குத்தான் வலிமை.

நில வெப்பநிலையைக் கொடுக்காவிட்டால் எனர்ஜி பிளஸ் 18 பாகை என்று எடுத்துக்கொள்ளும். ஆண்டுச் சராசரி 28 பாகையை ஒட்டி நிற்கும் ஊரில், தரைக்குக் கீழே 18 பாகை என்றால் இலவசமாக ஓர் ஏசி ஓடுகிறது என்றுதான் அர்த்தம். ஏசி அறையென்றால் உள் வெப்பநிலையின் சராசரியைவிட 2 பாகை குறைவாகக் கொடுப்பது பழகிய விதி.

பயன்பாட்டு நேரமும் அப்படித்தான். தொடக்க அட்டவணை பெரும்பாலும் அலுவலகத்துக்குரியது: வார நாள், காலை முதல் மாலைவரை. கடற்கரை விடுதியில் ஏசி ஓடுவது இரவில். கூட்டம் வருவது ஏப்ரலிலிருந்து செப்டெம்பர்வரை. மாற்றாமல் விட்டால் ஆண்டு முழுவதும் ஆளில்லாத பகலைக் குளிரூட்டிய கணக்குத்தான் வரும்.

வானிலைக் கோப்பு திருகோணமலைக்கே உரியதாக இருக்கட்டும். கைக்கு எளிதில் கிடைக்கிறது என்று கொழும்புக் கோப்பைப் போடுபவர்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் கொழும்பு நனையும் மாதங்களில் எங்களுக்குக் கச்சான் காற்று; மலைகளைத் தாண்டி வறண்டு, சூடேறி வருவது. எங்கள் மழை வடகிழக்கு வாடைக்காற்றோடு வருவது, நவம்பர் டிசம்பரில். இரண்டு ஊருக்கும் ஒரே கோப்பு என்றால் காற்றோட்டத்தின் திசையே பிழைக்கும். கோப்பின் முதல் வரியில் ஊரும் அகலாங்கும் நேர வலயமும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டி முடிந்ததும் பிழைக் கோப்பைத் திறவுங்கள். எச்சரிக்கை, கடுமை, நிறுத்தம் என மூன்று நிலை. கணக்கு முடிந்து அறிக்கை வந்துவிட்டால் பலர் இதைத் திறப்பதே இல்லை. தரை தலைகீழாக இருக்கிறது என்று வந்தால் அந்தப் பரப்பின் புள்ளிகள் எதிர்ச் சுற்றில் எழுதப்பட்டுள்ளன. தரையின் சாய்வு 180 பாகையாகவும் கூரையின் சாய்வு, தட்டையானால், பூச்சியமாகவும் இருக்க வேண்டும். தாய்ப் பரப்பு திறப்பைச் சூழவில்லை என்றால் ஜன்னல் சுவரின் விளிம்பைத் தாண்டி நிற்கிறது. பெரும்பாலும் இரண்டு சுவர் சந்திக்கும் மூலையை ஒட்டிய ஜன்னல். வலயம் முழுதாக மூடப்படவில்லை என்றால் கன அளவு தோராயமாகவே எடுக்கப்பட்டிருக்கும். இவற்றை வரைந்த மாதிரியில்தான் திருத்த வேண்டும். இங்கே ஒட்டுப் போட்டால் அடுத்த இறக்குமதியில் அதே பிழை திரும்ப வரும்.

பொருள் அளவும் கார்பனும்

ஐஎஃப்சி ஏற்றுமதியில் அடிப்படை அளவுகளையும் சேர் என்ற தெரிவு தனியாக இருக்கும். அதைத் தொடாவிட்டால் வடிவம் போகும், எண் போகாது. பணம் கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்கள் இலவச முப்பரிமாண மென்பொருளான பிளெண்டருக்குள் இயங்கும் போன்சாயில் ஐஎஃப்சியிலேயே நேரடியாக வரையலாம்.

சோதனை மாதிரியில் கல்லின் கன அளவு திறப்புகளைக் கழிக்காமல் 14.9 கன மீற்றர், கழித்தால் 13.9. கார்பன் பார்ப்பவருக்கு வேண்டியது கழித்த அளவு. 16.7 என்று வந்தால் பூச்சையும் கல்லாகவே எண்ணியிருக்கிறது; சுவர் அடுக்குகளாகப் பிரியாமல் ஒரே கட்டியாகப் போய்விட்டது. சீமெந்து குறைந்த கல்லுக்கும் சீமெந்து கூடிய பூச்சுக்கும் கார்பன் ஒன்றல்ல.

கம்பி மாதிரியில் பெரும்பாலும் இருக்காது. கொங்கிரீட்டின் கன அளவோடு, ஒரு கன மீற்றருக்கு இத்தனை கிலோ கம்பி என்ற எண்ணைப் பொறியியலாளரிடம் வாங்கிச் சேர்க்க வேண்டும். மாதிரியில் இல்லாததைப் பூச்சியமாக எண்ணிவிடுவதுதான் இந்தக் கணக்குகளின் பெரிய ஓட்டை: சாந்து, கம்பி, அத்திவாரத்துக்குக் கீழான கல், வர்ணம். போக்குவரத்துத் தூரத்தையும் மென்பொருளின் தொடக்க எண்ணில் விடாதீர்கள். பக்கத்துச் சீனன்குடாவில் சீமெந்து ஆலை இருக்க, உப்புவெளிக் கட்டடத்துக்குச் சீமெந்து 300 கிலோமீற்றர் வந்ததாக எழுதுவதில் நியாயமில்லை. அலுமினியச் சட்டமும் டைலும் கொழும்பிலிருந்து லொறியில் வருவதும் அதே அளவு உண்மை. பொருளுக்குப் பொருள் தூரத்தை நிரப்புங்கள்.

பிளான் மாறும்போது

மாறத்தான் செய்யும். ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் திகதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். அறைகளின் அடையாளப் பெயரை நடுவில் மாற்றாதீர்கள். கணக்குப் பார்ப்பவர் தன் அட்டவணைகளை அந்தப் பெயர்களில்தான் கட்டி வைத்திருப்பார். அறையை அழித்துவிட்டுத் திரும்ப வைத்தால் பெயர் அதேயாக இருந்தாலும் உள் அடையாள எண் புதிதாகிவிடும், கட்டியது அவிழும். அதனால் நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள்.

கோப்போடு ஒரு பக்கக் குறிப்பும் போகட்டும்: பரப்பு உள்முகமா நடுக்கோடா, உண்மை வடக்கு எத்தனை பாகை சாய்வு, எந்த அறைகளுக்கு ஏசி, எது நிழலுக்காக மட்டும், அறைகள் எத்தனை, பரப்புகள் எத்தனை, மொத்தக் கன அளவு எவ்வளவு. பெறுபவர் முதலில் கடைசி மூன்றையும் ஒப்பிடட்டும். ஒன்று பிசகினாலும் மேலே போகாமல் அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டியதுதான்.